மாப்பிள்ளை போன திசை

விழுவதுதான் அவன் தொழில். ஏணியிலிருந்து விழுவான். மாடிப்படியில் உருண்டு விழுவான். உட்காரப் போகிற நேரம் பார்த்து யாராவது நாற்காலியை இழுத்துவிட்டால், கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க, தொப்பி மட்டும் தலையை விட்டு நகராதபடி விழுவான். படங்கள் பேச ஆரம்பிக்காத காலம் அது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது, விழுந்து எழுந்துதான் சிரிக்க வைக்க வேண்டும். கொட்டகையில் அவன் விழும்போதெல்லாம் முன்வரிசைக்காரர்கள் ஒரே குரலில் "தொபுக்கடீர்!" என்று கத்துவார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் 'தொபுக்கடி' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள்.

அவன் மனைவி அதே படக் கம்பெனியின் தையல் அறையில் இருந்தாள். ராணிக்கும் திருடனுக்கும் போலீஸுக்கும் உடுப்புத் தைப்பது போக, அவளுக்கென்று தனியாக ஒரு வேலை உண்டு. புருஷனுடைய கால்சட்டையின் பின்பக்கத்திலும் முழங்காலிலும், கோட்டின் முழங்கையிலும் பஞ்சை வைத்து, வெளியே துருத்தாமல் தைத்துக் கொடுப்பாள். எவ்வளவு பஞ்சு வைத்தாலும் உடம்பு உடம்புதானே. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பாள்.

"பதினொண்ணு."

"நேத்தைக்கு ஒன்பதுதானே?"

"இன்னிக்கு வெயில் நல்லா இருந்துது. டைரக்டர் விடலை."

நாய் வந்து நான்கு வருஷமாகியிருந்தது. ஒரு படத்தில் போலீஸ் வேஷம் போட்டவர் பஞ்சு அடைத்த தடியால் தொபுக்கடியைத் துரத்தித் துரத்தி அடிக்க வேண்டும். நாலாவது அடி விழுந்திருக்கும். வேலிக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் நுழைந்து வந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. வந்த வேகத்தில் போலீஸ்காரரின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அவர் கத்திய கத்து நடிப்பில்லை. கேமராக்காரர் மட்டும் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. படம் வெளியானபோது கொட்டகையின் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. அன்றிலிருந்து தொபுக்கடி எந்தப் படத்தில் விழுந்தாலும் நாயும் கூட இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவள் மனைவி. வீட்டுக்கு வந்த முதல் நாளே அது, இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தட்டில் சாப்பாடு வைத்தால் உடனே வராது, இரண்டு தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவைதான், ஏதோ நமக்காக மனமிரங்கின மாதிரி, எழுந்து வரும்.

"பொண்ணே பொறக்கலை, அதுக்குள்ள மாப்பிள்ளை வந்து சட்டமா உட்கார்ந்துட்டாரு பாருங்க," என்றாள் அவள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது அப்போது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்துவிட்டு, நாயின் முன்னால் கைகட்டி நின்று, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

படத்தில் நடிக்கிற மற்ற நாய்களைப் போல மாப்பிள்ளைக்கு யாரும் வித்தை கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவன் விழுவான், அது ஓடி வரும். தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தால் கூடவே குதித்துக் காலரைப் பிடித்து இழுக்கும். மாவு மூட்டை தலையில் உடைந்தால் முகத்தை நக்கியே வெள்ளையைப் போக்கிவிடும். அதற்குப் படம் என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் நிஜமாகவே விழுந்துவிட்டான், அடிபட்டுவிட்டான் என்றே நினைத்தது. ஜனங்கள் அந்தப் பதற்றத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தார்கள்.

மனைவிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. "உங்களுக்கு வேலை. அவருக்கு ஒரு நாளைக்குப் பதினோரு தடவை உசுரு போய் உசுரு வருது," என்று ஒருநாள் சொன்னாள்.

"போ, அவருக்கும் பழகிப்போயிருக்கும்," என்று சொல்லி அவன் பேச்சை மாற்றினான்.

அந்த வருஷம் டைரக்டர் ஒரு பெரிய படம் எடுக்க ஆரம்பித்தார். வீடு வாசல் இல்லாத ஒருவனும் அவன் நாயும். நடுவில் ஒரு சோகம் வேண்டும் என்றார். தன்னோடு இருந்தால் நாயும் பட்டினி கிடக்கும் என்று நினைத்து அவன் அதைப் பெரிய வீட்டு அம்மாளிடம் விட்டுவிடுகிறான். நாய் அவளோடு மோட்டார் காரில் ஏறிப் போய்விடுகிறது. கடைசியில் திரும்பி வந்து சேருகிறது. கதை கேட்ட எல்லோருக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையைத்தான் யாரும் கேட்கவில்லை.

படப்பிடிப்பு நடந்த இடம் கம்பெனியின் பின்பக்கத்து மைதானம். மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலை வடிகட்டி வைத்திருந்தார்கள். பெரிய வீட்டு அம்மாள் வேஷம் போட்ட நடிகை ஒரு துண்டு இறைச்சியை நீட்டினாள். மாப்பிள்ளை மரியாதையாக வாங்கிக்கொண்டது. வாங்கியதைக் கொண்டுவந்து தொபுக்கடியின் காலடியில் வைத்துவிட்டு, "நீ சாப்பிடு" என்பதைப் போல நிமிர்ந்து பார்த்தது. ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவனை எங்கயாவது ஒளிச்சு வைங்கப்பா," என்றார் டைரக்டர். தட்டிச் சுவருக்குப் பின்னால் அவனை நிறுத்தினார்கள். நாய் சுவரின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்து வாலை ஆட்டியது. அவனுடைய கோட்டை நடிகைக்குப் போட்டுப் பார்த்தார்கள். அது கோட்டை மோந்தது, நடிகையின் முகத்தைப் பார்த்தது, ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியைக் கழுத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, சக்கரம் கழன்ற வண்டி மாதிரி தரையைக் கீறிக்கொண்டே வந்தது.

வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "யோவ் தொபுக்கடி, நீயே விரட்டிடுய்யா. அதுவா போகாது. நீ போகச் சொன்னாப் போகும். கார்ல ஏறாட்டியும் பரவாயில்லை, வாசலைத் தாண்டினாப் போதும்."

அவன் கையை ஓங்கினான். விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்து நாய் முன்னங்கால்களைத் தாழ்த்திக் குதித்தது.

"உன் மூஞ்சில கோவமே இல்லையே. அது கண்டுபிடிச்சுடுது. நிஜமாக் கோவப்படு. இன்னும் கால் மணி நேரம்தான் வெளிச்சம்."

நாலு வருஷத்தில் அவன் மாப்பிள்ளையை ஒரு தடவைகூட அதட்டியதில்லை. எதை நினைத்துக் கோபத்தை வரவழைப்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. இந்த வயதில் ஒரு நாயை விரட்டிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று வந்த கோபம். அதைப் பிடித்துக்கொண்டான். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து வீசினான். பக்கத்தில் விழுந்து உடைய வேண்டியது, நாயின் முன்னங்காலில் பட்டது. "போ!" என்று கத்தினான். கை வாசலைக் காட்டியது. "போ!"

நாய் கத்தவில்லை. அடிபட்ட காலைத் தூக்கியபடி அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு நீட்டியிருந்த கையைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி நடந்தது. வாசலைத் தாண்டும்போது ஒரு முறை நின்றது. அவ்வளவுதான்.

"கட்!" என்றார் டைரக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். நடிகை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொபுக்கடி கைதட்டல் முடியும் முன்பே வாசலுக்கு ஓடினான். தெருவில் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை கடந்து முடிந்தபோது நாயைக் காணோம்.

தையல் அறையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். "மாப்பிள்ளை எங்க?"

"வந்துடுவாரு," என்றான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வரவில்லை. விஷயம் தெரிந்ததும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினார்கள். அவன் சந்தைப் பக்கம் போனான், இறைச்சிக் கடைகளின் பின்னால் பார்த்தான், முன்பு குடியிருந்த வீட்டுத் தெருவுக்கும் போய் வந்தான். அவள் ரயிலடிக்கும், நாய் பிடிக்கிறவர்கள் வண்டி நிறுத்துகிற கிடங்குக்கும் போனாள். "ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிஞ்சிருக்கும்," என்று காண்கிறவர்களிடமெல்லாம் இரண்டு கையையும் தலையில் வைத்துக் காட்டினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது சாய்வு நாற்காலி காலியாகவே கிடந்தது. இரண்டு பேரும் அதில் உட்காரவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் கம்பெனியில் அவனுக்கு வேலை இருந்தது. வழுக்கி விழுகிற சின்னக் காட்சி, கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது. விழுந்தான். விழுந்த இடத்திலேயே கிடந்தான். வழக்கமாக இந்நேரம் முகத்தில் ஒரு ஈரமான மூக்கு வந்து இடிக்கும். கேமரா சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. "எந்திரிய்யா!" என்று டைரக்டர் கத்தினார். இரண்டாவது தடவை விழுந்தபோது இடுப்பில் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மனைவி கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்ன சொல்லி விரட்டினீங்க? சரியாச் சொல்லுங்க."

"போன்னு சொன்னேன்."

"வாயாலயா, கையாலயா?"

"ரெண்டாலயும்தான்."

"எங்க நின்னீங்களோ அங்கயே நில்லுங்க. எப்படிக் கையைக் காட்டினீங்களோ அதே மாதிரி காட்டுங்க."

அவனுக்குக் கை எழவே இல்லை. அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்று, ஊசியில் நூல் கோக்கிறபோது பார்ப்பாளே அப்படி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கை போன வழியைப் பார்த்தாள். வாசல், தெரு, எதிரே மரக்கடையின் சந்து, அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"அவர் ஓடிப்போகலைங்க," என்றாள். "நீங்க போகச் சொன்ன இடத்துக்குப் போயிருக்காரு."

நேராக நடந்தார்கள். மரக்கடைச் சந்து ஒரு சுவரில் முடிந்தது. சுவருக்கு அடியில் நாய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. சுற்றிக்கொண்டு போகலாம் என்றாள் அவள். அவன் கேட்கவில்லை. சுவரில் ஏறினான். மேலே போனதும் கால்சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்து, அவள் தைத்து வைத்த பஞ்சு வால் மாதிரி வெளியே தொங்கியது. அந்தப் பக்கம் மரத்தூள் குவியலில் தலைகுப்புற விழுந்தான். எழுந்து, தும்மிக்கொண்டே ஒரு சலவைக்காரரின் கொல்லைக்குள் புகுந்தான். காய்ந்துகொண்டிருந்த விரிப்பு ஒன்று காற்றில் வந்து அவனைச் சுருட்டிக்கொண்டது. விரிப்போடு நாலு அடி நடந்து வாளியைத் தட்டிவிட்டு அந்தத் தண்ணீரிலேயே வழுக்கினான். சலவைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, "அட, தொபுக்கடி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். கேமரா எங்கே என்று சுற்றிலும் தேடினார். அவன் கும்பிட்டுவிட்டு ஓடினான். முழங்கை உரிந்து ரத்தம் கசிந்ததை அவன் கவனிக்கவில்லை.

கொல்லைக்கு அப்பால் கால்வாய். அதற்கு மேல் போக வழியில்லை, தண்ணீர்தான். கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தது.

படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர் தலை தூக்கினார். "உங்க நாயா? மூணு நாளா இதே இடம். ரொட்டி போட்டேன், மோந்து பார்த்துட்டு விட்டுடுச்சு. தண்ணி மட்டும் குடிக்குது. யாரோ உட்காரச் சொன்ன மாதிரி உட்கார்ந்திருக்கு."

"மாப்பிள்ளை!" என்றான் அவன். வால் நுனி ஒரு தடவை அசைந்தது. "வாங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போகலாம்." கையை நீட்டினான்.

கையைக் கண்டதும் நாய் எழுந்தது. காதுகளைப் பின்னால் ஒட்ட வைத்துக்கொண்டு, இன்னும் தள்ளிப் போகச் சொல்கிறான் என்று நினைத்து, நொண்டியபடி தண்ணீரை நோக்கி இரண்டடி வைத்தது. முன்னங்கால்கள் நனைந்தன.

 அவன் சட்டென்று கையை மடக்கிக்கொண்டான். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து மறைத்தான்.

சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த மனைவி மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் காதருகே சொன்னாள்: "ஒரே ஒரு தடவை விழுந்து காட்டுங்களேன். ஓடி வந்துடுவாரு."

அவனுக்கும் அது தோன்றாமல் இல்லை. வாழ்நாளெல்லாம் செய்த வேலை. உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சரிந்தால் போதும். நொண்டிக் காலோடு பாய்ந்து வரும்.

"வேணாம்," என்றான்.

"ஏன்?"

"அவர் நம்பிடுவாரு."

 மூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தார் பூசுகிறவர் படகின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டார். வைக்கோல் ஏற்றிய படகு ஒன்று போனது. அதன் அலை கரையில் மோதி அடங்கியது. அவன் நாயைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினான். பெரிதாக ஒன்றுமில்லை. நாற்காலி சும்மா கிடக்கிறது என்றான். நேற்று விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றான். மண்கட்டி காலில் படும் என்று சத்தியமாக நினைக்கவில்லை என்றான்.  அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாய் கரையேறியது. ஒரு அடி வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு அடி. தொடைக்கு அடியில் அவன் கைகள் மரத்துப்போயின. ஆனாலும் எடுக்கவில்லை. வெயில் மரக்கடைக் கூரைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் முழங்கையில் ஏதோ சூடாகப் பட்டது. மாப்பிள்ளை உரிந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. அங்கே முடித்துவிட்டு, கழுத்து, காது, தலை என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. எல்லாம் முழுசாக இருக்கிறதென்று திருப்தியான பிறகு முகவாயை அவன் தோளில் இறக்கி வைத்துப் பெரிய மூச்சு ஒன்று விட்டது.

அப்போதுதான் அவன் கைகளை எடுத்தான்.

மறுநாள் டைரக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வந்துட்டானா! நாளைக்கே திரும்பி வர்ற சீனை எடுத்துடலாம். நீ மாடிலேர்ந்து விழு, அவன் நாலு தெரு தாண்டி ஓடி வரட்டும்!"

"மாப்பிள்ளை இனிமே நடிக்க மாட்டாரு சார்."

"என்னய்யா சொல்ற?"

"அவரு எப்ப சார் நடிச்சாரு?" என்றார் கேமராக்காரர், லென்ஸைத் துடைத்தபடி. "நாலு வருஷமா நான்தானே கேமராவைச் சுத்தறேன். ஒருநாளும் நடிச்சதில்லை."

டைரக்டர் கத்தினார், கெஞ்சினார், முடிவே இல்லாத படத்தை எந்தக் கொட்டகைக்காரன் வாங்குவான் என்று கேட்டார். தொபுக்கடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஆனால் இறங்கி வரவில்லை. கடைசியில் வழி சொன்னவள் தையல் அறை வாசலில் நின்றிருந்த மனைவிதான்.

"மத்தியானம் இவரும் மாப்பிள்ளையும் இந்தப் படியில உட்கார்ந்துதான் சாப்பிடப் போறாங்க. அதைத் தூரத்துலேர்ந்து எடுத்துக்குங்க சார். யாரையும் ஏமாத்த வேணாம்."

டைரக்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் மத்தியானம் கேமராவை எடுத்து வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த படங்களுக்குப் பழக்கின நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விசிலடித்தால் ஓடும், கைதட்டினால் செத்த மாதிரி கிடக்கும், கெட்டிக்கார நாய். ஜனங்கள் அதற்கும் சிரிக்கத்தான் செய்தார்கள். காட்சி முடிந்ததும் அது தன் எஜமானிடம் பிஸ்கட் வாங்கப் போய்விடும். தொபுக்கடி தானாக எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வான். மாப்பிள்ளை தையல் அறையில், ராணி உடுப்புகளுக்கு ஒதுக்கிய வெல்வெட் குவியலின் மேல் படுத்திருக்கும். மைதானம் தெரிகிற ஜன்னலை அவள் மூடியே வைத்திருந்தாள்.

படம் வெளியான அன்று புருஷனும் மனைவியும் கொட்டகையின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பாதி வரைக்கும் சிரிப்புக்கு நடுவே மூச்சு விடவே ஜனங்களுக்கு நேரமில்லை. பிறகு பெரிய வீட்டு அம்மாளின் கார் வந்து நின்றது. திரையில் தொபுக்கடி குனிந்து மண்கட்டியை எடுத்தான். முன்வரிசையில் ஒருத்தர் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கொட்டகை முழுக்க ஒரு இருமல்கூட இல்லை. திரைக்குக் கீழே உட்கார்ந்து படத்துக்குப் பியானோ வாசிப்பவர் அடுத்த ஸ்வரத்தை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனால் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். மனைவி அவன் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அவள் குரல் கேட்டது. "தொறங்க. முடிஞ்சிடுச்சு."

"இப்ப என்ன ஓடுது?"

"சாப்பிடறீங்க ரெண்டு பேரும்."

கண்ணைத் திறந்தான். திரையில் படிக்கட்டில் உட்கார்ந்து ஒருவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பெரிய துண்டை நாயின் முன்னால் வைத்தான். நாய் அதைத் தொடவில்லை, வேறு பக்கம் பார்த்தது. அவன் எழுந்து கைகட்டி நின்று, இரண்டு தடவை கூப்பிட்டான்.

கொட்டகை சிரித்தது. பின்வரிசையில் அவனும் சிரித்தான்.